ஆறு மில்லி ஆம்ப்

கம்பத்தில் ஏறுவது என் வேலை.
தண்டையார்பேட்டை செக்‌ஷனில் பதினோரு வருஷம்.
ரப்பர் கையுறைக்கு இந்தப் பக்கம் நின்றுதான்
கரண்ட்டோடு பேசிப் பழக்கம்.
ஒரு தடவை அது என்னோடு நேராகப் பேசியது:
முழங்கையில் தழும்பு.
இன்னொரு தடவை
பக்கத்தில் நின்ற வேதமுத்துவோடு.
அவன் பதில் சொல்லவில்லை.

அதனால்தான், ராயபுரத்தில்
வலைக்கடைக்கு மேல்மாடியில்
நஸ்ரின் மேடம் சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து
‘கழுத்துல ஒட்டி லேசா கரண்ட் குடுப்போம்’ என்றதும்
கெசியாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஜெசிந்தா வரவில்லை.
படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்,
மடியில் கஞ்சி டப்பாவும்
மாற்ற வேண்டிய மூக்குக்குழாயும்.
‘எத்தினி வூட்டுக்கு லைட்டு குடுத்துருப்ப’ என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

திரும்பி ஏறினேன்.
எத்தனை வோல்ட் என்று கேட்டேன்.
மேடம் சிரிக்கவில்லை.
‘ஆறு மில்லி ஆம்ப். மெல்ல மெல்ல ஏத்துவோம்.
எல்லாப் புள்ளைக்கும் கேக்காது,
முன்னாடியே சொல்லிடறேன்.’
முதலில் என் கையில் ஒட்டச் சொன்னேன்.
கையுறை இல்லாமல்.
சுண்டுவிரல் தானாக மடங்கியது,
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

கெசியாவுக்கு நாலரை வயசு.
வாய் நிறையப் பல்.
தண்ணீர் தொண்டையில் வழி தவறி
நெஞ்சுக்குள் போய்விடும்.
மூன்று தடவை நிமோனியா.
போன பிறந்தநாள் கேக்கை
அவள் மூக்குக்குக் கிட்டே காட்டிவிட்டு
நாங்கள் தின்றோம்.
எனக்கு அது இன்னும் இறங்கவில்லை.

தாடைக்குக் கீழே நாலு ஸ்டிக்கர்.
நாக்கில் எலுமிச்சை ஐஸ் தடவிய குச்சி.
குரல்வளையில் இரண்டு விரல் வைத்து
மேடம் காத்திருப்பார்,
தூண்டில் நூலைப் பிடித்தவர் போல.
‘முழுங்கு கண்ணு.’
ஒன்றுமில்லை.
கீழே யாரோ வலைக்குப் பேரம் பேசுகிறார்கள்.
ஒன்றுமில்லை. இருமல்.
ஐப்பசி முழுக்க ஒன்றுமில்லை.

கார்த்திகையில் தெருவில் தண்ணீர் ஏறிய ராத்திரி
எங்கள் ஃபீடரை நான்தான் அணைத்தேன்.
பில்லர் பாக்ஸ் பாதி முழுகிவிட்டது, வேறு வழியில்லை.
போனில் ஏரியாவே திட்டியது.
அதில் ஒரு கால் ஜெசிந்தா.
சளி உறிஞ்சும் மெஷின் ஓடவில்லை.
‘எப்பய்யா வரும் கரண்ட்டு?’
எல்லாருக்கும் சொன்னதையே சொன்னேன்:
‘தண்ணி வடியணும்மா.’

அவள் போனை வைக்கவில்லை.
இருட்டில் பிள்ளையின் கழுத்தோரம் பிடித்திருந்தாள்.
எச்சில் சேர்ந்து கொதிக்கிற சத்தம்.
சுவிட்ச் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.
இடுப்பளவு தண்ணீரில்
ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.
மழைக்கோட்டுக்குள் காதோடு போனை அழுத்திக்கொண்டு நின்றேன்.

களக்.

ஃப்யூஸ் கேரியர்
சரியாகப் போய் உட்காருமே, அந்தச் சத்தம்.
‘முழுங்கிட்டா’ என்றாள். ‘தானா.’

பெட்டியாலா, மேடத்தின் விரலாலா,
இருட்டுக்குப் பயந்தா, தெரியாது.
மேடத்துக்கும் தெரியவில்லை.
தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.
மறுநாள் பூரா இருமினாள்.

இப்போது வேளைக்கு எட்டு ஸ்பூன், மீதி குழாயில்.
ஸ்பூன் போகும்போது
நாங்கள் இருவரும் வாயைத் திறக்கிறோம்.
அவள் முழுங்கினால் முழுங்குகிறோம்,
வெறும் எச்சிலை.

நேற்று ஒன்பதாவது ஸ்பூனுக்கு
உதட்டை இறுக்கித் தலையை ஆட்டினாள்.
வேணாமாம்.
ஜெசிந்தா டப்பாவை அப்படியே வைத்துவிட்டு
பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்,
எல்லா அம்மாக்களையும் போலப் புகார் சொல்ல:
‘இன்னா பண்றதுன்னே தெரில அக்கா,
சாப்ட அடம் புடிக்குது.’